ஆனந்தராஜா மாமா கஷ்டநிதி கேட்ட கதை

ஆனந்தராஜா மாமா தொலைபேசியை எழுந்து நின்றுதான் எடுப்பார். மறுமுனையில் யார் என்பது முக்கியமில்லை. சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிற்பார். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் கிங்ஸ்பரி ஸ்டேசனுக்கு முன்னாலிருந்த தொலைபேசிக் கூண்டில் பத்துப் பென்ஸைப் போட்டு, மூக்கால் ஆங்கிலம் பேசி, தண்ணீர் இலாகாவிலிருந்து கதைப்பதாகச் சொல்லத் தொடங்கினேன்.

"உங்கள் வீட்டுத் தண்ணீர் ஈரமாக இருக்கிறதா?" என்று கேட்பேன்.

"வன் மினிட் மேடம்," என்பார். குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். திரும்பி வந்து, "யெஸ் மேடம். வெரி வெட் மேடம்," என்பார்.

நான் வீட்டுக்கு வந்து சேரும்போது மனைவி கமலாம்பிகை மாமியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "இந்த நாட்டிலை எவ்வளவு அக்கறையாய் விசாரிக்கிறாங்கள் பாரும்."

"அவங்களுக்கும் வேறை வேலை இல்லைப்போலை," என்பார் மாமி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் வீட்டு மேல்மாடியில் அவர்கள் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சொந்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே குளியலறையைப் பாவிக்கிறவர்களை மாமா, மாமி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? கதவில் தட்டி அவசரப்படுத்தவாவது ஒரு முறை வேண்டும்.

ஊரில் அவர் ஸ்டேசன் மாஸ்டர். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்றது. ரயில் இல்லாத ஸ்டேசனுக்கு மாஸ்டர் எதற்கு என்று அரசாங்கம் யோசித்து முடிப்பதற்குள் அவர் லண்டன் வந்து, அகதியாகப் பதிந்து, ஒரு பெட்ரோல் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். வாரத்தில் மூன்று ஷிப்ட். நான் இந்தக் கதையைச் சொல்லும் தொண்ணூற்று நாலாம் ஆண்டில் அவருக்கு நாற்பத்தாறு வயது.

குழாய் வேலையில் அவருக்குப் பைத்தியம் பிடித்தது எங்கள் வீட்டுக் கக்கூசால். தண்ணீர்த் தொட்டி நிற்காமல் ஓடியது. வந்த வெள்ளைக்காரப் பிளம்பர் எட்டு நிமிடம் நின்று நாற்பது பவுண் வாங்கிக்கொண்டு போனார். மாமா அந்த எட்டு நிமிடமும் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி நின்றார். அடுத்த நாள் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்தார். மூன்று மாதத்தில் கிங்ஸ்பரித் தமிழ் வீடுகளில் முக்கால்வாசிக் கக்கூஸ்கள் அவருடைய கைபட்டவை ஆகிவிட்டன.

"தண்ணியும் ரயில் மாதிரித்தான் பிள்ளை," என்பார். "ஒரு லைனிலை எதிரும் புதிருமாய் விடக்கூடாது. வால்வு எண்டுறது சிக்னல். சிக்னல் பிழைச்சால் வெள்ளம்."

காசு மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார்கள். சேர்டிபிகேட் இல்லாத பிளம்பருக்கு 'அண்ணை' என்ற பட்டம்தான் கூலி. மாமிக்கு வேறு கவலை.

"ஸ்டேசன் மாஸ்டரின்ர மனிசி எண்டு வந்தனான். இப்ப கோயிலிலை என்னைக் கண்டால், 'அக்கா, எங்கட பேசின் அடைச்சுப்போச்சு' எண்டுகினம். சாமிக்குக் கற்பூரம் காட்டேக்கையுங் கூட."

கொலிஜில் பிளம்பிங் படிப்பிக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னது நான்தான். நான் அங்கே, பெயிலான பரீட்சைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மூடி, இரண்டு வருடம் பதுங்கு குழியிலும் பஸ்ஸிலும் கழிந்து, லண்டனில் ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய் இருத்தப்பட்டவள் நான். நடுவில் விழுந்த ஓட்டைக்கு கொலிஜ் இலவசமாக ஒட்டுப் போட்டது. பதினாறு வயதுக்கு இலவசம். நாற்பத்தாறுக்கு ஐந்நூற்று அறுபது பவுண்.

மாமா தனியாகப் போய் அந்தப் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பல்வரிசையை நான் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

"சுவரோரமாய்ப் பன்னிரண்டு பேசின் பிள்ளை. வரிசையாய். சும்மா பழகுறதுக்கு மட்டும். ஒரு பேசினுக்கும் வீட்டுக்காரர் இல்லை."

அவருடைய வங்கிக் கணக்கில் அப்போது முப்பத்தொரு பவுண் இருந்தது. கொலிஜ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வருமானம் குறைந்தவர்களுக்கு 'ஹார்ட்ஷிப் ஃபண்ட்' உண்டு, கட்டணம் முழுவதையும் அதிலிருந்து கொடுப்பார்கள் என்று போட்டிருந்தது. நான் அதற்குக் கஷ்டநிதி என்று பெயர் வைத்தேன். எட்டுப் பக்கப் படிவத்தையும் நானே நிரப்பினேன். 'உங்கள் சிரமங்களை விவரிக்கவும்' என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு போடு," என்றார்.

பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை நேரில் வரவும், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்குத் தாளைக் கொண்டுவரவும். அதற்கு அடுத்த வாரம் வெள்ளி மாலை நாலு மணிக்குள் கட்டணம் ஒழுங்காகாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். லண்டனில் ஏதாவது ஆபீஸ், கந்தோர் வங்கித் தாளைக் கேட்டால், அதில் காசு இருக்கவேண்டும். விசா நீட்ட, வீடு வாடகைக்கு எடுக்க, தங்கச்சியைக் கூப்பிட, எதற்கும் அதுதான் விதி. இல்லாதவருக்கு இருக்கிறவர்கள் பத்து நாளைக்குப் போட்டுவிடுவார்கள். கந்தோர்க்காரர் பார்த்துத் திருப்திப்பட்டதும் காசு திரும்பிப் போகும். துண்டுக் கடதாசி இல்லை, சாட்சி இல்லை. அந்தக் காசு எங்களைவிட அதிகமாக லண்டன் பார்த்திருக்கிறது. ஈஸ்ட் ஹாமில் ஒரு வாரம் நிற்கும், சவுத்தாலில் ஒரு வாரம், பிறகு எங்கள் பக்கம் வரும்.

அந்தச் செவ்வாய்க்கு ஒன்பது நாள் முன்னதாக, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடினார்கள். மினிகாப் டாக்சி ஓடும் கணேசலிங்கம் மாமா, மூன்று கார் சொந்தமாக ஓடுகிறது, ஹாரோவில் வீடு பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். பெட்ரோல் நிலையத்தில் மாமாவோடு ஷிப்ட் செய்யும் செபமாலைமுத்து அண்ணை. ஈஸ்ட் ஹாம் சேலைக்கடையில் நிற்கும் தவமலர் அன்ரி. நாலாவது ஆள் என் அம்மா தவநாயகி, சமையலும் அவதான்.

"முப்பத்தொரு பவுணைக் கொண்டுபோய்க் காட்டினால் அவள் என்ன நினைப்பாள்?" என்றார் கணேசலிங்கம் மாமா. "பிச்சைக்காரன் எண்டு நினைப்பாள்."

"படிக்க வாற ஆளுக்கு வசதி இருக்கோ எண்டுதான் பாப்பினம்," என்றா தவமலர் அன்ரி. "நான் அறுநூற்றைம்பது போடுறன். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ." அவர் என்றது அவவின் கணவரை.

"நான் ஐந்நூறு," என்றார் செபமாலைமுத்து அண்ணை. அம்மா நானூறு. கணேசலிங்கம் மாமா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தொள்ளாயிரம் போடுங்கோ," என்றார், வேறு யாருடைய காசோ போல.

எனக்குத் தெரியும். கஷ்டநிதி கேட்கப் போகிறவர் கஷ்டத்தைக் காட்டவேண்டும், காசை அல்ல என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர்கள் ஒத்திகையைத் தொடங்கிவிட்டார்கள், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கணேசலிங்கம் மாமா கதிரையில் சாய்ந்து வெள்ளைக்கார அதிகாரியானார்.

"ஹூஸ் மணி இஸ் திஸ்?"

"மை ஓன் மணி, சேர்," என்றார் ஆனந்தராஜா மாமா. "கணேஸ், இது பொய்யெல்லே?"

"உங்கட எக்கவுண்டிலை கிடக்கிற காசு உங்கட காசுதானே அண்ணை. இதிலை எங்கை பொய்? திரும்பச் சொல்லுங்கோ. நெஞ்சை நிமித்தி."

நான் கறியில் எலும்பைத் தேடிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

செவ்வாய்க்கிழமை அவரோடு நானும் போனேன். கலியாணவீட்டுக் கோட்டுப் போட்டிருந்தார். கஷ்டநிதிக்குப் பொறுப்பானவ மிஸ் போலீன். தாய் தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். தலையில் நூறு பின்னல், மூக்கு நுனியில் கண்ணாடி. தாளைப் பார்த்தா. கோட்டைப் பார்த்தா. திரும்பத் தாளைப் பார்த்தா.

"மிஸ்டர் ஆனந்தராஜா, போன வாரம் வரைக்கும் முப்பத்தொரு பவுண் இருந்திருக்கிறது. நாலு நாளில் இரண்டாயிரத்து நானூற்றெண்பத்தொன்று ஆகியிருக்கிறது. இது யாருடைய காசு?"

ஒத்திகையில் கேட்ட அதே கேள்வி. மாமா எழுந்து நின்றார்.

"மை ஓன் மணி, மேடம்."

"அப்படியானால் உங்களுக்கு எதற்குக் கஷ்டநிதி?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இருக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

"ஃபோர் எமர்ஜென்சி, மேடம்," என்றார்.

ஐந்நூறு பவுணுக்கு மேல் சேமிப்பு வைத்திருப்பவருக்கு நிதி இல்லை. மிஸ் போலீன் மரியாதையாகத்தான் சொன்னா. படிவத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டா.

பஸ்ஸில் மாமா கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிட்ட வந்ததும், "காசு இல்லையெண்டு சொல்லியிருந்தால் வெக்கம் மட்டுந்தான்," என்றார். "இப்ப பொய்யும் சொல்லிப்போட்டன். கந்தோரிலை."

அடுத்த நாள் காலை அவ்வளவு காசையும் எடுத்து, நாலு உறையில் போட்டு, நாலு பேரிடமும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நூலகப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்தார். எங்கள் சமையலறைக் குழாய் சொட்டியது. அவர் அதைக் கடந்து போனார்.

இரண்டு நாள் அந்தச் சொட்டை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், வகுப்பைக் கட் அடித்துவிட்டு மிஸ் போலீனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கோட்டுக்கூட எங்கள் அப்பாவுடையது என்பதுவரை.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டா. "அப்படியானால் இது ஒரு பார்ட்னர் மாதிரி?"

அது என்ன என்று கேட்டேன்.

"என் அம்மா நடத்துவா. பத்துப் பேர் கிழமைக்குக் கிழமை காசு போடுவார்கள், முறை வருகிறவர் எடுப்பார். எங்கள் வீட்டு முன்பணம் அப்படித்தான் வந்தது. அம்மாவும் வங்கியில் கேட்டபோது எல்லாம் தன் காசு என்றுதான் சொன்னா." பிறகு உத்தியோகக் குரலுக்கு மாறினா. "ஆனால் எனக்கு ஆதாரம் வேண்டும். கடிதம் யாரும் எழுதலாம். அந்த நாலு பேரும் தங்கள் வங்கித் தாளோடு வரட்டும். காசு அவர்களிடமிருந்து போய், அவர்களிடமே திரும்பியிருப்பதை நான் பார்க்கவேண்டும். அடுத்த வெள்ளி இரண்டு மணி."

சந்தோசத்தில் ஓடி வந்தேன். கணேசலிங்கம் மாமாவிடம் சொல்லும்வரைதான் அந்தச் சந்தோசம்.

"என்ர பாங்க் தாளையோ?" என்றார். "பிள்ளை, அண்ணைக்கு இன்னும் நூறு வேணுமோ, தாறன். தாளைக் கேக்காதை."

செபமாலைமுத்து அண்ணை, "என்ர மனிசிக்கே நான் காட்டினதில்லை," என்றார். தவமலர் அன்ரி, அப்படி ஒரு கணக்கே தனக்கு இல்லை என்றா. அம்மாவிடம் கேட்டேன். "முதல் மற்ற ஆக்கள் காட்டட்டும்," என்றா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துண்டுக் கடதாசி இல்லாமல் தொள்ளாயிரம் பவுணைத் தூக்கிக் கொடுப்பவர்கள், தங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் கூடப்பிறந்தவருக்கும் காட்டமாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் மாமியிடம் போனேன். குழாய் வேலையை அவ்வளவு வெறுத்தவவிடம் போய்க் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. மாமி கேட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கீழே வந்து தொலைபேசியை எடுத்தா.

"கணேஸ், காட்டாட்டில் விடுங்கோ. உங்கட வீட்டுக் கக்கூஸ் இனி உடைஞ்சால் வெள்ளைக்காரனைக் கூப்பிடுங்கோ. நாப்பது பவுண்... பகிடியில்லை... ஓம், எனக்கும் அந்த வேலை பிடிக்காதுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை." தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினா. "ஆனால் கணேஸ், இந்த நாட்டுக்கு வந்து மூண்டு வருசத்திலை அந்த மனிசன் வாய் விட்டுச் சிரிச்சது அந்தப் பன்னிரண்டு பேசினைக் கண்ட அண்டைக்குத்தான். நான் இவ்வளவு சமைச்சுப் போட்டும் ஒருநாள் சிரிக்கேல்லை."

இதையே மற்ற இருவருக்கும் சொன்னா. அம்மாவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தா. மாமாவிடம் மட்டும், கொலிஜில் ஒரு கையெழுத்துக் கிடக்கிறதாம், வெள்ளி மூன்று மணிக்குப் போகட்டாம் என்று மாமி சொல்லிவைத்தா.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, மிஸ் போலீனின் அறைக்கு வெளியே நடையில் நாலு பேரும் வந்திருந்தார்கள். நாலு மண்ணிற உறை. ஒருவருக்கொருவர் இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்து, உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். செபமாலைமுத்து அண்ணை தன்னுடையதைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். அதைத் திறக்க மிஸ் போலீன் கத்தரிக்கோல் தேடவேண்டி வந்தது. ஒவ்வொருவராகத்தான் உள்ளே போனார்கள், நான் மொழிபெயர்க்க. முதலில் போன அம்மா, என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னா. நின்றேன். மற்ற மூன்றையும் பார்த்தேன். யாருடையதில் எவ்வளவு என்று எழுதமாட்டேன். அன்றைக்கு மிஸ் போலீன் வாக்கு வாங்கினா, வாங்காவிட்டாலும் எழுதியிருக்கமாட்டேன்.

கணேசலிங்கம் மாமா கடைசி. அவருடைய தாளை மிஸ் போலீன் நெடுநேரம் பார்த்தா. அந்தத் தொள்ளாயிரம் வெளியே போயிருந்த கிழமையில் அவர் எதைக் கொண்டு காருக்குப் பெட்ரோல் அடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாளில் இன்சூரன்ஸ் கட்டியிருந்த கார், ஒன்றுதான்.

மிஸ் போலீன் மேசை லாச்சியைத் திறந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து அவருடைய உறைக்குள் வைத்தா.

"இவர் தனக்காகவே விண்ணப்பிக்கவேண்டும் என்று சொல்," என்றா என்னிடம். "இங்கே எத்தனையோ பாடம் இருக்கிறது."

நான் மொழிபெயர்த்தேன்: "மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆருக்கும் தேவைப்பட்டால் குடுக்கட்டாம்."

பன்னிரண்டு வருடம் லண்டனில் கார் ஓடியவருக்கு ஆங்கிலம் விளங்காமல் இல்லை. இருந்தும் என்னுடைய மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொண்டார். "குடுக்கலாம், குடுக்கலாம்," என்று எழுந்தார்.

மூன்று மணிக்கு ஆனந்தராஜா மாமா வந்தார். நடையில் நாலு பேரையும் கண்டு திகைத்து நின்றார்.

"என்ன இஞ்சை? ஆருக்கும் சுகமில்லையோ?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தனாங்கள்," என்றார் செபமாலைமுத்து அண்ணை, டேப் துண்டுகளைப் பொக்கற்றுக்குள் திணித்தபடி.

மாமா உள்ளே போனதும் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அரசாங்க உத்தியோகத்தர் பிழை விட்டால் மேலதிகாரிக்கு எழுதும் விளக்கக் கடிதம். மேற்படி பதின்மூன்றாம் திகதி அடியேன் உண்மைக்குப் புறம்பான கூற்றொன்றைக் கூறியமைக்கு மனம் வருந்துகிறேன் என்ற மாதிரியான ஆங்கிலம். கடைசியில், தனக்கு நிதி கிடைக்காதது முற்றிலும் சரியே என்றும் எழுதியிருந்தார்.

மிஸ் போலீன் இரண்டு தரம் வாசித்தா. "இதை என்ன செய்ய?"

"ஃபோர் மை ஃபைல், மேடம்."

அவ அதைக் கோப்பில் போட்டா. பிறகு புதுப் படிவத்தில் கையெழுத்து வைத்து, சீல் குத்தி, மாமாவிடம் நீட்டினா. கட்டணம் முழுவதும் கொலிஜ் பொறுப்பு. மாமா அதை வாசித்தார். திரும்பிக் கதவுக் கண்ணாடி வழியாக நடையைப் பார்த்தார். நாலு பேர், நாலு உறை. அவர்கள் எதைத் திறந்து காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மேல் பொத்தானைத் தடவிப் பார்த்தார். அது பூட்டித்தான் இருந்தது.

வெளியே வந்தவர் நாலு பேருக்கும் முன்னால் நின்று ஏதோ சொல்லப் போனார். கணேசலிங்கம் மாமா விடவில்லை.

"என்ன அண்ணை நிண்டு பாக்கிறியள்? நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள். போய்ப் பேரைப் பதியுங்கோ."

மாமா போனார். முதலில் நடந்து, மூலையைக் கடந்ததும் ஓடும் சத்தம் கேட்டது. தவமலர் அன்ரியும் செபமாலைமுத்து அண்ணையும் பஸ்ஸுக்குப் போனார்கள். அம்மா தேத்தண்ணி மெசினில் சில்லறை போட்டு அடித்துக்கொண்டிருந்தா.

கணேசலிங்கம் மாமா என் பக்கத்துக் கதிரைக்கு மாறினார். உறையிலிருந்து படிவத்தைப் பாதி இழுத்து வைத்திருந்தார்.

"பிள்ளை, உன்னட்டைப் பேனை இருக்கோ?"

"இருக்கு. ஆருக்கு மாமா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன். எலெக்ட்ரிக் வேலை படிக்க விருப்பமாம்."

மூடியைக் கழற்றினேன். "பெடியனுக்கு எத்தனை வயசு?"

"நாப்பத்தொண்டு," என்றார்.

சிரிக்காமல் எழுதினேன்.